அணைந்த ஆலை, ஆறாத மண்

சிங்கப்பூரின் லவெண்டர் ரயில் நிலையத்திலிருந்து காலாங் ஆற்றங்கரைக்கு நடந்தே போய்விடலாம். கரையிலுள்ள பூங்காவில் ‘ஸ்பிரிட் ஆஃப் காலாங்’ என்ற இரும்புச் சிற்பம் ஒன்று நிற்கிறது. அங்கே முன்பு இயங்கிய எரிவாயு ஆலையின் இயந்திர உறுப்புகளைக் கொண்டே அதைச் செய்திருக்கிறார்கள். அருகிலுள்ள கம்போங் பூகிஸ் நிலம் நகரின் நடுவில், ஆற்றைப் பார்த்தபடி கிடக்கிறது. அடி நிலத்துக்கும் விலை பேசும் சிங்கப்பூரில், ஆலை மூடிப் பல ஆண்டுகளாகியும் அங்கே வீடுகள் எழவில்லை. மண்ணைச் சுத்திகரித்த பிறகுதான் கட்டடம் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் சொல்லிவிட்டது. புகைபோக்கி இல்லை, உலை இல்லை, தொட்டிகளும் இல்லை. ஆனாலும் ஆலை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

அந்த ஆலை 1862-இல் தொடங்கியது. 1864 மே 24 அன்று, விக்டோரியா அரசியின் பிறந்தநாளில், சிங்கப்பூர்த் தெருக்களில் முதன்முதலாக வாயு விளக்குகள் எரிந்தன. அதுவரை தேங்காய் எண்ணெய் விளக்குகள்தான். 1901-இல் நகராட்சி ஆலையை வாங்கியது. உலைகளின் வெளிச்சம் இரவில் தெரியும் என்பதால், சுற்றுவட்டார ஹொக்கியன் சீனர்கள் அதை ‘ஹுவே சியா’, அதாவது நெருப்பு நகரம் என்றார்கள். தெருவிளக்குக்கு மின்சாரம் வந்த பிறகும் சமையலடுப்புகளுக்காக ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. செனோக்கோவில் புதிய ஆலை வந்ததும், 1998 மார்ச் 23 அன்று காலாங் மூடப்பட்டது. இரண்டு உலகப் போர்கள், ஜப்பானிய ஆட்சி, சுதந்திரம் எல்லாவற்றையும் தாண்டி 136 ஆண்டுகள் ஒரே இடத்தில் வாயு தயாரித்திருக்கிறார்கள்.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய கதை அல்ல. கொல்கத்தாவில் ஓரியண்டல் கேஸ் கம்பெனி 1857-இல் தெருவிளக்கு ஏற்றியது. கொழும்பு புறக்கோட்டையில் கேஸ் வேர்க்ஸ் வீதி என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எங்கெல்லாம் நிலக்கரி வாயு ஆலை இருந்ததோ அங்கெல்லாம் மண்ணுக்குள் கிடப்பது ஏறக்குறைய ஒரே பொருள்கள்தான். தயாரித்த முறை எங்கும் ஒன்றாக இருந்ததுதான் காரணம்.

முறை எளிமையானது. காற்றுப் புகாத கலத்தில் நிலக்கரியை அடைத்து, வெளியிலிருந்து சுமார் 1000 டிகிரி வரை சூடாக்குவார்கள். ஆக்சிஜன் இல்லாததால் கரி எரியாது, உடையும். நீண்ட கரிமச் சங்கிலிகளும் வளையங்களும் முறிந்து ஆவியாக வெளியேறும், கலத்தில் கல்கரி மிஞ்சும். ஒரு டன் நிலக்கரியிலிருந்து சுமார் 300 கன மீட்டர் வாயு, 700 கிலோ கல்கரி, 40 முதல் 50 லிட்டர் தார், கூடவே அம்மோனியா கலந்த நாற்றத் தண்ணீர் கிடைக்கும். அந்த வாயுவில் பாதி ஹைட்ரஜன், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மீத்தேன், பத்து சதவீதத்துக்குள் கார்பன் மோனாக்சைடு.

தயாரான வாயுவைச் சேர்த்து வைத்த இடம் வாயுத் தாங்கி. பழைய படங்களில் ஊரையே குனிந்து பார்ப்பதுபோல் நிற்கும் பெரிய உருளை அதுதான். ஒரு டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்கிறதல்லவா, அந்த அமைப்பேதான். வாயு நிறைய நிறைய இரும்பு மூடி தண்ணீரிலிருந்து மேலெழும், இரவில் ஊர் சமைக்கும்போது கீழிறங்கும். மூடியின் எடைதான் குழாய்களுக்கு அழுத்தம் கொடுத்தது, அதுவும் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு அளவுதான். கம்ப்ரஸர் கிடையாது, மின்சாரம் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் பொறியியலில் இவ்வளவு சிக்கனமான இன்னொரு அமைப்பை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

ஆனால் கலத்திலிருந்து வரும் வாயுவை அப்படியே வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதில் தார்த்துளிகள் இருக்கும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். அந்துருண்டையில் உள்ள அதே நாப்தலீன் வேறு உறைந்து குழாயை அடைக்கும். சுத்திகரிக்கும் வேலை ஆலையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. கடைசிக் கட்டத்தில் வாயுவை இரும்பு ஆக்சைடு பரப்பிய பெட்டிகள் வழியே செலுத்துவார்கள். இரும்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கலவையை வெளியே எடுத்துக் காற்றில் பரப்பினால் இரும்பு மீண்டும் ஆக்சைடாகிவிடும், கந்தகம் அதிலேயே தங்கும். இப்படியே திரும்பத் திரும்ப. எடையில் ஏறக்குறைய பாதி கந்தகமான பிறகு, கந்தக அமிலம் தயாரிப்பவர்களுக்கு விற்பார்கள், அல்லது ஆலை வளாகத்திலேயே குழி தோண்டிக் கொட்டுவார்கள்.

கொட்டிய அந்த மண் நீலமாக இருக்கும். சயனைடு இரும்போடு சேர்ந்து ‘பிரஷ்யன் நீலம்’ என்ற சாயமாக மாறிவிடுவதுதான் காரணம். பழைய வாயு ஆலை நிலத்தைத் தோண்டும் பொறியாளர்கள் முதலில் தேடுவது இந்த நிறத்தைத்தான். சாதாரணப் பழுப்பு மண்ணுக்கு நடுவே பட்டை பட்டையாக, துணிக்குப் போடும் நீலத்தை யாரோ கரைத்து ஊற்றிய நிறத்தில் அது வெளிப்படும். சயனைடு என்றதும் பதற வேண்டாம். இரும்போடு இறுகப் பிணைந்த நிலையில் அது பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். கதிரியக்க சீசியம் உடலுக்குள் போனவர்களுக்கு இதே பிரஷ்யன் நீலத்தை மருந்தாகவே கொடுக்கிறார்கள், 1987-இல் பிரேசிலின் கோயானியா விபத்தில் கொடுத்தார்கள். ஆனால் மண்ணில் வலுவான அமிலம் சேர்ந்தாலோ, கரைந்த நீர் வெயிலில் பட்டாலோ பிணைப்பு தளர்ந்து சயனைடு வெளிப்படலாம். அதனால் நீலம் தெரிந்த இடத்தில் தோண்டுவதை நிறுத்தி மண்ணைச் சோதனைக்கு அனுப்புவதே முறை.

தாரின் கதை இதைவிடப் பெரியது. முதலில் அது வெறும் தொல்லை. 1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், தாரிலிருந்து வந்த அனிலீனைக் கொண்டு மலேரியாவுக்கான கொயினா செய்யப் பார்த்தார். கொயினா வரவில்லை, ஊதா நிறச் சாயம் வந்தது. உலகின் முதல் பெரிய செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்து கிளம்பியது. 1865-இல் ஜோசப் லிஸ்டர், தாரிலிருந்து பிரித்த கார்பாலிக் அமிலத்தைப் புண்களில் பயன்படுத்தி, அறுவை சிகிச்சையில் சீழ் பிடித்துச் சாவதைக் குறைத்தார். 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் தார்ப் பொருளிலிருந்து செய்த செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பீகாரிலும் தென்னாற்காட்டிலும் அவுரி பயிரிட்டவர்களின் பிழைப்பில் அதோடு மண் விழுந்தது. ஒரு கறுப்புக் கழிவு சாயமானது, மருந்தானது, கடல் கடந்து விவசாயியின் வயிற்றிலும் அடித்தது.

ரசாயனப் பொருள் புற்றுநோய் தரும் என்பதை நிரூபித்ததும் தார்தான். 1915-இல் டோக்கியோவில் யாமாகிவா, இச்சிகாவா என்ற இருவர் முயல்களின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தாரைத் தடவிப் புற்றுக்கட்டியை உண்டாக்கிக் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு ரசாயனப் பொருளைக் கொண்டு புற்றுநோயை உண்டாக்கியது அதுவே முதல் முறை. தாரில் இருக்கும் நூற்றுக்கணக்கான பொருள்களில் எது குற்றவாளி? லண்டன் புற்றுநோய் மருத்துவமனை ஆய்வாளர்கள் வாயு ஆலையிலிருந்து இரண்டு டன் தார்ப்பிசினை வாங்கி, காய்ச்சி, பிரித்து, மறுபடியும் பிரித்து, 1933-இல் பென்சோபைரீன் என்ற பொருளைத் தனியாக எடுத்துக் காட்டினார்கள். ஐந்து கரிம வளையங்கள் ஒட்டிய தட்டையான மூலக்கூறு அது. சிகரெட் புகையிலும் தீய்ந்த இறைச்சியிலும்கூட உண்டு. நம் உடல் அதை நீரில் கரையக்கூடியதாக மாற்றி வெளியேற்றப் பார்க்கிறது. அந்த முயற்சியின் இடையில் உண்டாகும் வடிவம்தான் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. காப்பாற்ற எடுத்த முயற்சியே கெடுதலாக முடிவதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அது மறக்கவில்லை.

இந்தத் தார் மண்ணுக்குள் எப்படி நடந்துகொள்கிறது? பெட்ரோல் சிந்தினால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். தார் நீரைவிட அடர்த்தி அதிகமானது, மூழ்கும். மணலுக்குள் இறங்கி, நீர்மட்டத்தையும் தாண்டி, களிமண் அடுக்கில் போய்த்தான் நிற்கும். காலாங் ஆற்றுமுகத்தில் மென்மையான கடற்களிமண் இருக்கிறது. சிங்கப்பூர் மண்ணியலில் அந்தப் படிவத்துக்குப் பெயரே காலாங் படிவம். இப்படி அடியில் தேங்கிய தாரிலிருந்து பென்சீனும் நாப்தலீனும் சிறிது சிறிதாக நிலத்தடி நீரில் கரைந்துகொண்டே இருக்கும். எத்தனை ஆண்டு? பல பத்தாண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல். மேலே புல் வளரும், குழந்தைகள் பந்து விளையாடுவார்கள், கீழே கசிவு நிற்காது.

இதுவரை சொன்னது மெதுவான ஆபத்து. கைவிட்ட ஆலைக்குள் நுழைபவர்களுக்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது, அது நிமிடக் கணக்கில் வேலையை முடித்துவிடும். எங்கள் பினாங்கின் கெப்பாலா பத்தாஸிலிருந்து பிறைத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் ஏராளம். தொட்டி கழுவும் குத்தகை வேலை, பழைய இரும்பு வெட்டும் வேலை செய்பவர்களும் அவர்களில் உண்டு. மூடிய ஆலைகளைப் படம்பிடிக்கப் போகிற இளைஞர்களும் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கீழே வருவதை அவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

காலியாக, சுத்தமாக, விஷவாயு எதுவுமே இல்லாமல் இருக்கும் இரும்புத் தொட்டியும் ஆளைக் கொல்லும். துருதான் காரணம். இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. 10 கன மீட்டர் கொள்ளளவுள்ள மூடிய தொட்டியைக் கணக்கில் எடுப்போம். அதிலுள்ள ஆக்சிஜன் சுமார் 2.7 கிலோ. அதில் பாதி தீர்ந்துபோக, மூன்றே கால் கிலோ இரும்பு துருப்பிடித்தால் போதும். தொட்டியின் உட்பரப்பு 25 சதுர மீட்டர் என்றால், துருவாக மாற வேண்டிய இரும்பின் தடிமன் மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்குதான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஈரப்பதம் நிறைந்த நம் ஊரில் அதற்கு நெடுங்காலம் வேண்டாம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது என்பது விதி. 10 சதவீதத்துக்கு இறங்கிய காற்றில் மூச்சுத் திணறல்கூடப் பெரிதாகத் தெரியாது. திணறலை உண்டாக்குவது கரியமில வாயு சேர்வதுதான், ஆக்சிஜன் குறைவதை உடல் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. கால் தளரும், நினைவு தப்பும், ஆள் விழுந்துவிடுவார்.

வாயு ஆலையென்றால் இதோடு ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். மிகச் சிறிய அளவிலேயே நாறும் வாயு என்பதால், நாற்றம் வந்தால் வெளியே ஓடிவிடலாம் என்று நினைப்பார்கள். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று தோன்றும் அந்த நேரம்தான் மிக ஆபத்தானது. பழைய சுத்திகரிப்புப் பெட்டிகளில் தங்கிய இரும்பு சல்பைடு, காற்றுப் பட்டதும் தானாகவே சூடேறித் தீப்பற்றும். மூடியைத் திறப்பதே தீக்குச்சி கிழிப்பதற்குச் சமம். அருகில் கொஞ்சம் எரிவாயு தங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளைப் பற்றிய செய்திகளில் ஒரே மாதிரியான வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் இறங்கியவர் மயங்கினார், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மயங்கினார். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் இப்படிப்பட்ட மூடிய இடச் சாவுகளில் பாதிக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று எச்சரித்திருக்கிறது. மனிதனின் நல்ல குணமே இங்கே எமனாகிறது. மலேசியாவில் 2010-இல் வந்த மூடிய இடங்களுக்கான பணி நெறிமுறை, வாயு அளவைச் சோதிக்காமல், வெளியே காவலாள் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்கிறது. குத்தகைக்காரர் இதைச் செய்யாமல் இறங்கச் சொன்னால் மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

வாயு விளக்கின் இன்னொரு மிச்சம் நம்மோடு நேரடியாகத் தொடர்புடையது. தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் பாசார் மாலாமிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு நினைவிருக்கும். அதில் சின்னப் பை மாதிரி ஒரு மேண்டிலை நூலால் கட்டித் தீ வைப்பார்கள். துணி எரிந்து சுருங்கி, வெள்ளைச் சாம்பல் வலையாகத் தொங்கும். விரல் பட்டால் பொடியாகிவிடும், ஆனால் சூடேறினால் கண் கூசும் வெளிச்சம் தரும். வாயு விளக்குக்காக ஆஸ்திரியாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்தது அது. 1891-இல் அவர் கண்ட சரியான கலவை 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு. தோரியம் கதிரியக்கப் பொருள், அதன் அரை ஆயுள் 1400 கோடி ஆண்டுகள்.

அந்தத் தோரியத்துக்காக உலகம் நம் கடற்கரைக்கு வந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். விரைவிலேயே மணலை அள்ளிப் பிரிக்கும் ஆலை அங்கே எழுந்தது. அந்தக் கரையில் மணல் பிரிக்கும் வேலை இன்றும் ஐஆர்இஎல் நிறுவனத்தின் கீழ் நடக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மேண்டில் தயாரித்த ஆலைகளைச் சுற்றியிருந்த தெருக்களில், ஆலைகள் மூடிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் தோரியம் கலந்த மண் இருந்தது. அமெரிக்க அரசு 1996-இல் அந்த இடத்தைத் தேசியத் தூய்மைப் பணிப் பட்டியலில் சேர்த்து, வீட்டு முற்றங்களிலிருந்தே மண்ணை அள்ள வேண்டியதாயிற்று.

பேராக்கின் புக்கிட் மேராவைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. வெள்ளீயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட்டைக் கொண்டு 1982-இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை அங்கே வேலை தொடங்கியது. அருமண் போக மிஞ்சிய கழிவில் இருந்தது அதே தோரியம். மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறினாலும், 1994-இல் நிறுவனமே மூடிவிட்டது. கழிவைப் புதைத்துக் காக்கும் பணி 2010-களிலும் நடந்துகொண்டிருந்தது. ஆலை ஓடியது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், சுத்தம் செய்ய அதைவிட அதிக காலம்.

மண்ணைச் சுத்தம் செய்வது எப்படி என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நல்ல பாடம். 1906 முதல் 1956 வரை அங்கே ஏரிக்கரையில் ஓடிய வாயு ஆலையை முழுதும் இடித்துத் தள்ளாமல், நிலக்காட்சி வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக் அதன் கோபுரங்களை அப்படியே நிறுத்தி 1975-இல் பூங்காவாக்கினார். மண்ணை அள்ளி எங்கோ கொட்டுவதற்குப் பதிலாகச் சாக்கடைக் கசடும் மரத்தூளும் கலந்து உழுதார்கள். கசடிலுள்ள நுண்ணுயிரிகள் ஆக்சிஜன் கிடைத்தால் நாப்தலீன் போன்ற சிறிய வளையங்களை உண்டு ஜீரணித்துவிடும். ஐந்து வளையமுள்ள பென்சோபைரீனை உடைக்க அவை மிகவும் திணறும். அதனால் 1984-இல் சோதனை முடிவுகளைப் பார்த்துப் பூங்காவைச் சில காலம் மூட வேண்டி வந்தது. பிறகும் வெயில் காலத்தில் தார் மேலே கசிந்த இடங்கள் உண்டு. மூட்டை மூட்டையாக மண்ணை அள்ளி வெப்ப உலையில் சுடுவதும், சிமெண்ட் கலந்து இறுக வைப்பதும் மற்ற வழிகள். எல்லாமே செலவு பிடிக்கும், எதுவுமே முழு விடை இல்லை.

என் பார்வையில் காலாங்கில் நடந்த மிக முக்கியமான காரியம், அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதை மறக்காமல் இருந்ததுதான். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, நிலக்கரியா எண்ணெயா, சுத்திகரிப்புப் பகுதி எந்தப் பக்கம் என்ற பதிவுகள் இருந்தால் எங்கே தோண்டி எதைத் தேடுவது என்று தெரியும். பதிவு இல்லாத நிலத்தில் மேம்பாட்டாளர் கண்ணை மூடிக்கொண்டு தாமான் எழுப்புவார், வீடு வாங்கியவர் கிணறு தோண்டும்போது உண்மை வெளிவரும். நம் ஊர்களில் மூடிப்போன அசிட்டிலீன் கூடம், ஐஸ் ஆலை, சாய ஆலை, ரப்பர் ஆலை பற்றி நிறைய அறிந்தவர்கள் அங்கே வேலை பார்த்த பெரியவர்கள்தான். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

வீடோ நிலமோ வாங்கப் போகிறவர்கள், பழைய தொழிற்சாலை நிலம் என்று தெரிந்தால், மண் சோதனை நடந்ததா என்று மேம்பாட்டாளரிடமும் செபராங் பிறை மாநகர் மன்றத்திடமும் எழுத்து மூலம் கேளுங்கள். மூடிய ஆலையைப் பார்க்கப் போகும் இளைஞர்கள் தொட்டி, குழி, நிலவறை எதிலும் இறங்காதீர்கள். யாராவது உள்ளே விழுந்து கிடந்தால் நீங்கள் இறங்க வேண்டாம், 999-ஐ அழையுங்கள். வருகிற தீயணைப்பு வீரர்களிடம் அது எந்த ஆலையின் தொட்டி, அதில் முன்பு என்ன வைத்திருந்தார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.